ஹெர்மீனியா வாங்கிய விண்வெளிப் பெட்டி

மரிகினா நகரத்தில் எங்கள் மாலுக்கு வருகிறவர்கள் யாரும் ஹெர்மீனியாவின் குச்சியிலிருந்து தப்ப முடியாது. பைக்குள் விட்டுக் கிளறிப் பார்க்கிற ஒரு முழ நீளக் குச்சி. மற்றக் காவலாளிகள் பையின் வாயில் பெயருக்கு ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்தபடி உள்ளே அனுப்பிவிடுவார்கள். ஹெர்மீனியா அடிவரை போவாள். கைக்குழந்தையின் துணிப்பை, கன்னியாஸ்திரியின் தோள்பை, வங்கிக்காரர் கொண்டுவரும் சாப்பாட்டு டப்பா, எல்லாம் அவளுக்கு ஒன்றுதான்.

"அது வெறும் சோறும்மா" என்று அந்த வங்கிக்காரர் ஒருநாள் சலித்துக்கொண்டார்.

"சோறுன்னு நீங்க சொல்றீங்க" என்றாள் ஹெர்மீனியா. மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் விட்டாள். சோறுதான்.

நான் பெர்லா. அதே மாலில், வருகிறவர்களின் பொதிகளை வாங்கி வைத்து எண் அட்டை கொடுக்கும் கவுண்டரில் இருக்கிறேன். பதினோரு வருடமாக என் கவுண்டருக்கும் அவள் நிற்கும் வாசலுக்கும் இடையே பத்தடி தூரம்தான். வேலை முடிந்து ஒரே ஜீப்னி மினிபஸ்ஸில் வீட்டுக்குப் போவோம். அவள் கணவன் கவீத்தே ஊரில் இன்னொரு குடும்பம் வைத்திருந்தது ஒரு பால்பவுடர் ரசீதால்தான் தெரியவந்தது. அவள் வீட்டில் அப்போது பால்பவுடர் குடிக்கிற வயதில் யாரும் இல்லை. அந்த அடிதான் அவளை இப்படி ஆக்கியது என்று பலர் சொல்வார்கள். அவள் அம்மா என்னிடம் சொன்னது வேறு. "பொறந்த அன்னிக்கே இவ என்னை ஒரு மாதிரிதான் பாத்தா. நீதான் என் அம்மாவான்னு கேக்கிற மாதிரி."

மாலில் அவளைப் பிடித்தவர்கள் குறைவு. அதற்குக் காரணம் உண்டு. எங்கள் மாலில் வேலை செய்கிறவர்கள் எந்தப் பொருளை வெளியிலிருந்து உள்ளே கொண்டுவந்தாலும் ஊழியர் வாசலில் பதிவேட்டில் எழுதவேண்டும். எழுதாத பொருள் திரும்பி வெளியே போகாது. போன வருடம் பேக்கரியில் வேலை செய்யும் மைலீன், தன் தம்பிக்காக வெளியே ஒரு கடையில் கேக் வாங்கி வந்தாள். எழுத மறந்துவிட்டாள். அன்று அந்த வாசலில் ஹெர்மீனியா. ரசீது வீட்டில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று அந்தப் பெண் எவ்வளவோ கெஞ்சினாள். கேக் அலுவலக அலமாரியில் இரண்டு நாள் இருந்து ஒழுகிப்போனது. மைலீன் அதை மறக்கவில்லை. நாங்கள் யாருமே மறக்கவில்லை.

இந்த ஹெர்மீனியாவுக்கு ஒரே மகள், கிரிசெல். அந்த செப்டம்பரில் அவளுக்குப் பத்து வயது நிறையவிருந்தது. பள்ளி விட்டதும் மாலுக்கு வந்து, அம்மாவின் வேலை முடியும்வரை என் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எழுதி முடித்ததும் மூன்றாம் மாடிப் பொம்மைக் கடைக்கு ஓடுவாள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வேற்றுக்கிரக நிலையம் இருந்தது. ஆயிரத்துச் சொச்சம் சின்னச்சின்னக் கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று பொருத்திக் கட்டுவது. சாம்பல் நிறக் கோபுரம், ஆறு காலில் நடக்கிற வண்டி ஒன்று, தலைக்கவசம் போட்ட இரண்டு விண்வெளி ஆட்கள், மூன்று கண்ணுள்ள பச்சை ஜந்து ஒன்று.

"உன் பொண்ணு இங்க நிக்கிற நேரத்துக்கு வாடகை போட்டா கடையே அவளுக்குச் சொந்தமாயிடும்" என்று பொம்மைக் கடை மேலாளர் ஹெர்மீனியாவிடம் சொன்னாள்.

"எதையாவது தொட்டாளா?" என்று கேட்டாள் ஹெர்மீனியா.

"இல்லப்பா, பாக்கத்தான் செய்யிறா."

"பாக்கிறதோட நிக்கட்டும்."

கிரிசெல் வாங்கித் தரச்சொல்லி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதுதான் ஹெர்மீனியாவை உறுத்தியது. கேட்காத பிள்ளை மனதில் என்ன வைத்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஒருநாள் அவளுடைய கணக்கு நோட்டைப் புரட்டினாள். பின்பக்கங்கள் முழுக்க அந்த நிலையத்தின் படம். கோபுரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கோபுரம், அதற்குக் கீழே சுரங்கம், சுரங்கத்துக்குள் ஒரு பள்ளிக்கூடம்.

கடையில் அந்தப் பெட்டியின் விலை ஹெர்மீனியாவின் அரை மாதச் சம்பளம். அதனால் அவள் கைப்பேசியில் தேட ஆரம்பித்தாள். எங்கள் ஊரில் செப்டம்பர் பிறந்ததுமே கிறிஸ்துமஸ் வந்துவிடும்; மாலில் அந்தப் பாட்டுப் போடத் தொடங்கிய முதல் வாரம் அது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதப் பாரு. அதே பெட்டி. மூணில ஒரு பங்கு விலை."

"நல்லதுதானே? வாங்கு."

"நல்லதா? இந்த விலைக்கு எவன் குடுப்பான்? ஒண்ணு திருட்டுச் சாமான். இல்ல டூப்ளிகேட். இல்லன்னா உள்ள மக்ரோனி."

மக்ரோனி விஷயம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். பொம்மைக் கடையில் வாங்கிய பெட்டியை ஒருவன் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கிப் போனான். குலுக்கினால் கட்டைச் சத்தம்தான் வந்தது. திறந்தால் இரண்டு கிலோ மக்ரோனி.

விற்கிறவர் பெயர் ஆர்செனியோ. "ஏற்கெனவே கட்டிப் பிரித்தது. ஒரு துண்டு மட்டும் அசல் இல்லை. மற்றவை முழுமை" என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார்.

"பாத்தியா, ஒரு குறையை அவரே சொல்றாரு" என்றேன் நான். "நேர்மையான மனுசன்."

"ஒண்ணைச் சொல்றவன் பத்தை மறைப்பான்" என்றாள் அவள்.

இருந்தாலும் செய்தி அனுப்பினாள். அவருடைய பதில்கள் அவள் சந்தேகத்தைக் கிளறத்தான் செய்தன. தபாலில் அனுப்பமாட்டாராம், நேரில்தான் கொடுப்பாராம். அதற்குமேல் கேள்விகள். யாருக்காக வாங்குகிறீர்கள்? குழந்தைக்கு என்ன வயது? ஆணா பெண்ணா? கட்டி முடித்தால் எங்கே வைப்பீர்கள்? கடைசியாக, குழந்தையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று எழுதியிருந்தார்.

ஹெர்மீனியாவின் முகம் இறுகிவிட்டது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, "என் பொண்ணை எதுக்கு நீங்க பாக்கணும்?" என்று பெரிய எழுத்தில் தட்டி அனுப்பினாள்.

இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள் வந்தது. "மன்னிக்கவும். இதுக்கு முன்னாடி ஒரு பெட்டியை மகனுக்குன்னு சொல்லி ஒருத்தர் வாங்கிட்டுப் போனார். அடுத்த வாரம் அதே பெட்டியை ரெண்டு மடங்கு விலைக்கு விளம்பரம் போட்டிருந்தார். குழந்தை வரவேண்டாம். அவ வரைஞ்சது ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாங்க, போதும்."

"வரைஞ்சது இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ஹெர்மீனியா.

"அடியே, எல்லாப் பிள்ளைகளும் வரையும்."

"நீயும் வா. தனியாப் போகமாட்டேன்."

பிறந்த நாளுக்கு முந்தின நாள், சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு சாண்டோலன் ரயில் நிலையத்தின் டிக்கெட் வாசல். ஹெர்மீனியா சீருடைக்கு மேல் ஒரு ஜாக்கெட் போட்டு மறைத்திருந்தாள். என்னை ஐந்தடி தள்ளியே நிற்கச் சொன்னாள், தெரியாதவள் மாதிரி. ஆர்செனியோவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கட்டையான ஆள். சட்டைப் பித்தான் கழுத்துவரை போட்டிருந்தார். பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முதலில் சொன்னது, "ரெண்டு பேர் வர்றதா சொல்லலையே."

"நான் அவங்களுக்குத் தெரிஞ்சவ இல்லை" என்று நான் உளறிவிட்டேன். ஹெர்மீனியா என்னைப் பார்த்த பார்வையை இன்றும் நினைத்தால் சிரிப்பு வருகிறது.

நிலையத்துக்குக் கீழே இருந்த கோழிக்கஞ்சிக் கடைக்குப் போய் உட்கார்ந்தோம். அவர் படத்தைக் கேட்டார். ஹெர்மீனியா கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாளை எடுத்து வைத்தாள். மகளின் பேரும் பள்ளிப் பேரும் இருந்த மூலையைக் கத்தரியால் வெட்டியிருந்தாள்.

ஆர்செனியோ தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூலை ஏன் வெட்டியிருக்கு?"

"அது உங்களுக்கு வேண்டாத விஷயம்."

"யாரோட படமோ என்னவோ. வேற யார்கிட்டயாவது வாங்கி, பேரை வெட்டிட்டுக் கொண்டுவந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"என்னைப் பாத்தா வாங்கி விக்கிறவ மாதிரியா இருக்கு?"

"உங்களைப் பாத்தா வாங்குறவங்க மாதிரியும் இல்லீங்க. சோதனை போட வந்தவங்க மாதிரி இருக்கு."

கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த அம்மாள் கரண்டியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். அவர் படத்தின் மேல் விரலை வைத்து, "கோபுரத்துக்குக் கீழ இது என்ன?" என்று கேட்டார்.

"பள்ளிக்கூடம். சுரங்கத்துக்குள்ள" என்றாள் ஹெர்மீனியா. பிறகு, "வெளிய காத்து இல்லையாம். பிள்ளைங்க எங்க படிக்கும்னு கேட்டா" என்றாள்.

அவர் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

பெட்டிக்குள் மக்ரோனி இல்லை. ஐம்பது அறுபது சின்னப் பிளாஸ்டிக் உறைகள், மாத்திரை போட்டுத் தருகிற உறைகள் மாதிரி. ஒவ்வொன்றிலும் கட்டைகள், மேலே எண். செய்முறைப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எந்தத் துண்டு எத்தனை என்று அச்சிட்ட பட்டியல் இருந்தது. அதை விரித்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஒரு உறையை எடுத்தாள். எண்ணிப் பார்த்தாள். சரி. இன்னொன்று. அதுவும் சரி. மூன்றாவதும் சரி. நான்காவதில் ஒரு துண்டு கூடுதலாக இருந்தது.

"ஏன் ஒண்ணு அதிகமா இருக்கு?" என்றாள், திருடனைப் பிடித்த குரலில்.

ஆர்செனியோவின் முகம் வெளுத்துவிட்டது. "இருக்காதே. அப்படின்னா வேற ஒண்ணுல குறையுமே."

அதற்கப்புறம் அவரே விடவில்லை. ஒவ்வொரு உறையாகத் திறந்து, மேசையில் கொட்டி, எண்ணி, திரும்பப் போட்டார். நாங்களும் எண்ணினோம். கடைக்கார அம்மாள் மேசை வேண்டும் என்று முணுமுணுக்க, ஆளுக்கு இரண்டாவது கிண்ணம் கஞ்சி வாங்கினோம். எண்ணிக்கொண்டே ஹெர்மீனியா அவரைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். சரக்குக் கப்பல் இயந்திர அறையில் இருபத்தாறு வருடம் எண்ணெய் போட்டவர். இரத்த அழுத்தம் காரணமாக மருத்துவப் பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள். ஓய்வு நேரத்தில் தன் அறைப் படுக்கையில் இதை வைத்துக் கட்டுவார், கப்பல் ஆட்டத்தில் கொட்டிப்போகும், மறுபடி கட்டுவார். பச்சை ஜந்துவின் ஒரு கை எங்கோ விழுந்துவிட்டது. பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பை அரத்தால் ராவிப் புதுக் கை செய்திருந்தார். அதுதான் அந்த அசல் இல்லாத துண்டு.

"உங்க பிள்ளைங்களுக்குக் குடுக்கலையா?" என்றேன் நான்.

"அவனுங்க ரெண்டு பேருக்கும் மீசை வந்துடுச்சு. நான் ஒவ்வொரு தடவை வரும்போதும் ரெண்டு வயசு கூடி நிப்பானுங்க."

ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் குறைந்த உறையைக் கண்டுபிடித்தோம். ஆர்செனியோ நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். ஹெர்மீனியா பணத்தை நீட்டினாள். அவர் ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். அவளுக்கு அப்போதுதான் அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது என்று நினைக்கிறேன்.

"விக்கமாட்டீங்களே?"

"விக்கமாட்டேன்."

"கட்டினதும் ஒரு போட்டோ அனுப்புங்க."

"பாக்கலாம்."

அங்கேயே தாமதமாகிவிட்டது. ஒன்பதே காலுக்குக் காவலாளிகள் எல்லாரும் மாலின் பின்புறத்தில் வரிசையாக நிற்கவேண்டும், தலைமை அதிகாரி பல்டோ சார் ஒவ்வொருவரின் காலணி பளபளப்பைக்கூடப் பார்ப்பார். நாங்கள் ஓட்டமாக ஓடி வந்தபோது ஊழியர் வாசலில் ஆள் இல்லை, அந்தக் காவலாளியும் வரிசைக்குப் போயிருந்தான். பதிவேடு மட்டும் மேசைமேல் கிடந்தது.

"நீ ஓடு. பெட்டியை என்கிட்ட குடு, கவுண்டருக்கு அடியில வச்சுக்கறேன்" என்றேன். "பதிவு?" என்றாள். "நான் எழுதறேன் போ."

நான் எழுதவில்லை. உள்ளே போனதும் கவுண்டரைத் துடைத்து எண் அட்டைகளை அடுக்குகிற வேலை. பிறகு சனிக்கிழமைக் கூட்டம். சுத்தமாக மறந்துவிட்டேன். தப்பு என்னுடையது.

மாலை ஆறு மணிக்கு ஊழியர் வாசலில் பல்டோ சாரே நின்றார். ஹெர்மீனியா பெட்டியை மேசைமேல் வைத்தாள். அவர் பதிவேட்டை விரலால் மேலிருந்து கீழே தடவினார். மறுபடி தடவினார்.

"எழுதலையே, ஹெர்மீனியா."

அவள் என்னைப் பார்த்தாள். "நான்தான் சார் மறந்துட்டேன்" என்றேன்.

"ரசீது?"

"பழைய சாமான் சார், நேர்ல வாங்கினது" என்றாள் அவள்.

எங்கள் பின்னால் வரிசை நீண்டது. பல்டோ சார் பொம்மைக் கடைக்குப் போன் போட்டார். மேலாளர் இறங்கி வந்தாள். பெட்டியைப் பார்த்ததும் தயங்கினாள். "போன வாரம் எண்ணினப்போ இதே பெட்டி ஒண்ணு குறைஞ்சது சார். எங்க பதிவுத் தப்பாவும் இருக்கலாம். எனக்குச் சொல்லத் தெரியலை."

"ஆனா இது பிரிச்ச பெட்டி, உறை உறையா இருக்கே!" என்று நான் கத்தினேன்.

"பிரிக்க ஒரு வாரம் போதாதா?" என்றார் பல்டோ சார். கெட்ட மனிதர் இல்லை அவர். ஆனால் அந்த இடத்தில் ஹெர்மீனியா நின்றிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

வரிசையிலிருந்து மைலீனின் குரல் கேட்டது. "நல்லவேளை அக்கா, பிளாஸ்டிக். ஒழுகாது."

சிலர் சிரித்தார்கள். ஹெர்மீனியா திரும்பிப் பார்க்கவில்லை. "அறிக்கையை நானே எழுதறேன் சார். எனக்குப் படிவம் எங்க இருக்குன்னு தெரியும்" என்றாள். நின்றபடியே எழுதினாள். பொருள், நேரம், யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்ற இடத்தில் தன் பெயர். காது சிவந்திருந்தது. நான் ஏதோ சொல்லப் போனபோது, "கெஞ்சாத. நான் யார் கெஞ்சினதையும் கேட்டதில்ல" என்றாள்.

பெட்டி அலுவலக அலமாரிக்குப் போனது. ஜீப்னியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பாதி வழியில் கேட்டாள்.

"பெர்லா. பெட்டி நாள் பூரா உன்கிட்டதானே இருந்தது?"

"ஆமா."

"நீ மாத்தலையே?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் பக்கம் திரும்பினேன். பதினோரு வருடம். என் அம்மா செத்தபோது சவப்பெட்டிக்குப் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தவள் இவள். இப்போது என் முகத்தை, பைக்குள் பார்க்கிற அதே பார்வையால் பார்க்கிறாள்.

"மேலாளர் உன் சிநேகிதி. குறைஞ்ச பெட்டிக்குப் பதிலா என்னோடதைக் கணக்குல காட்ட நீங்க ரெண்டு பேரும்..."

"நிறுத்துடி" என்றேன். என் நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

அன்று இரவு அவள் ஆர்செனியோவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள், மாலுக்கு வந்து பெட்டி அவருடையது என்று சொல்லச் சொல்லி. அவர் பதில் இதுதான். "எந்த மால்? பெட்டி எதுக்கு மாலுக்குப் போச்சு? கடையில வைக்கிறீங்களா?" அவள் மாலின் பெயரை அனுப்பினாள், அதற்கும் அதற்குப்பின் எழுதிய எதற்கும் பதில் இல்லை.

ஞாயிறு, பிறந்த நாள். நாங்கள் இருவரும் வேலைக்கு வந்தோம், பேசிக்கொள்ளவில்லை. பத்து மணிக்குக் கதவு திறந்ததும் முதல் ஆளாக ஆர்செனியோ நின்றார். நேற்றுப்போலவே கழுத்துவரை பித்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். எதிரே சீருடையில் ஹெர்மீனியாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்க... காவலாளியா?"

"பையைத் திறங்க" என்றாள் அவள். பழக்கம். குச்சியும் உள்ளே போய்விட்டது. கவருக்குள் அவருடைய மாலுமிப் பதிவுப் புத்தகமும் கொஞ்சம் புகைப்படங்களும்.

"பொம்மைக் கடை எந்த மாடி?"

"எதுக்கு?"

"என் பெட்டி விலை ஒட்டி நிக்குதான்னு பாக்கணும்."

அவர் உண்மையிலேயே மூன்றாம் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தன் பெட்டி அங்கே இல்லை என்று உறுதியானபிறகுதான் அலுவலகத்துக்கு வரச் சம்மதித்தார். நானும் சாட்சியாகப் போனேன்.

பல்டோ சார் புகைப்படங்களைப் பார்த்தார். கப்பல் அறைக் கட்டில், போர்வைமேல் பாதி கட்டிய கோபுரம். "இந்த மாதிரிப் பெட்டி ஊர்ல ஆயிரம் இருக்கும்" என்றார்.

"பெட்டிக்குள்ள இருக்கிற செய்முறைப் புத்தகத்தைத் திறங்க சார்" என்றார் ஆர்செனியோ.

முந்தின நாள் நாங்கள் பார்த்தது கடைசிப் பக்கப் பட்டியலை மட்டும்தான். பல்டோ சார் முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு தேதி, ஓர் ஊர். சாண்டோஸ் துறைமுகம், மழை. டர்பனுக்கு வெளியே நங்கூரம், எட்டாம் நாள். கடல், எங்கும் கரையில்லை. கோபுரம் விழுந்தது, மறுபடி முதல் கட்டம். பெரியவனுக்குப் பள்ளியில் பரிசு, போனில் கேட்டேன். சில பக்கங்களில் எண்ணெய் படிந்த கட்டைவிரல் ரேகை.

பல்டோ சார் வேகமாகப் புரட்ட ஆரம்பித்தவர், மெதுவாகப் புரட்டினார். பிறகு உட்கார்ந்து படித்தார். ஹெர்மீனியா மேசைக்கு இந்தப் பக்கம் நின்று தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போ" என்றார் பல்டோ சார்.

மூன்றாம் மாடியில் குறைந்த அந்த இன்னொரு பெட்டி என்ன ஆனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஹெர்மீனியாவுக்கு அதில் மூன்று பேர்மேல் சந்தேகம் இருக்கிறது. பெயர் சொல்லமாட்டாள்.

மறுநாள் என் கவுண்டரில் வாழையிலை போட்ட ஒரு டப்பா இருந்தது. பிறந்த நாள் பன்சிட் நூடுல்ஸ், மேலே அவித்த முட்டையில் பாதி. ஹெர்மீனியா எதிரே நின்றாள்.

"உன்மேல சந்தேகப்பட்டேன்" என்றாள்.

"தெரியும்."

"இப்ப இல்ல."

"பூராவுமா?"

யோசித்தாள். "ஒரு துளி இருக்கு. அது போகாதுடி. அது எல்லார்மேலயும் இருக்கு. என் அம்மாமேலயும் இருக்கு."

நான் பன்சிட்டைச் சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது? பதிவேட்டில் எழுத மறந்தவள் நான். அதை அவள் அன்றும் சொல்லிக்காட்டவில்லை, பிறகும் சொல்லவில்லை.

கிரிசெல் நிலையத்தைக் கட்டி முடிக்க ஒன்பது நாள் ஆனது. புத்தகத்தின் ஓரக் குறிப்புகளைப் படித்துக்கொண்டே கட்டினாளாம். ஹெர்மீனியா பலமுறை யோசித்துவிட்டு, பின்னால் வீட்டுச் சுவர், ஜன்னல், நாட்காட்டி எதுவும் தெரியாதபடி ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாள். உடனே பதில் வந்தது. "ஆறுகால் வண்டி எங்கே? கீழே அதோட இடம் காலியா இருக்கு. வித்துட்டீங்களா?"

இந்தத் தடவை ஹெர்மீனியாவுக்குக் கோபம் வரவில்லை. போனை மகளிடம் கொடுத்தாள். கிரிசெல் குரல் பதிவு அனுப்பினாள். "மாமா, வண்டி கூரைமேல இருக்கு. நல்லாப் பாருங்க. ஆத்துல தண்ணி ஏறினா முதல்ல வண்டியைத்தானே மேல ஏத்தணும்? எங்க தெருவுல எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

பதிலாக ஒரு வார்த்தை வந்தது. "சரி." அதன்பின் இன்னொன்று. "பச்சை ஆள் நீந்துவானா?"

"அவனுக்கு ஒரு கை சரியில்ல மாமா, அதனால அவனையும் கூரைமேல விட்டுட்டேன்" என்றாள் கிரிசெல்.

இப்படிக் கேள்வியும் பதிலுமாகக் கிறிஸ்துமஸ் வரை போனது. தன்னிடம் இன்னும் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன என்றும், விற்கமாட்டேன், ஆனால் கிரிசெல் வந்து கட்டலாம் என்றும் ஆர்செனியோ எழுதினார். ஹெர்மீனியா ஒரு வாரம் யோசித்தாள். பிறகு, வீட்டுக்கு வரமுடியாது, ஆற்றங்கரைப் பூங்காவில் பகலில், நானும் இருப்பேன், பெர்லாவும் இருப்பாள், நீங்கள் போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் கொண்டுவரவேண்டும் என்று எழுதினாள்.

"அடிப்பாவி, மனுசனை இப்படி அவமானப்படுத்தலாமா?" என்றேன்.

"வரமாட்டான்னா வரவேண்டாம்."

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் சான்றிதழ், முத்திரை ஈரம் காயாத புதுசு. அதை ஹெர்மீனியாவிடம் கொடுத்துவிட்டு, கையை நீட்டியபடியே நின்றார்.

"என்ன?" என்றாள் அவள்.

"உங்களோடது? காவலாளி உரிமம் இருக்குமே. நானும் பாக்கணும் இல்ல?"

ஹெர்மீனியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பையைத் திறந்து தன் உரிம அட்டையை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்து, ஒருவர் காகிதத்தை ஒருவர் முதல் எழுத்திலிருந்து கடைசி முத்திரை வரை படித்தார்கள். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்கள். நடுவில் கிரிசெல் சுட்ட சோளத்தைக் கடித்துக்கொண்டு பெட்டியின் மூடியைப் பார்த்தபடி இருந்தாள்.

"படிச்சாச்சா?" என்றாள் கடைசியில். "நான் திறக்கலாமா?"